பின்கதவு போடப் போகிறீர்களா?

போன மாதம் ஒரு டிவிஷனில் வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், காம்பராவுக்குப் பின்னால ஒரு கதவு போடலாம்னு இருக்கோம். தகரம் அடிச்ச கதவு நல்லமா, பலகைக் கதவு நல்லமா?" இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். லயத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டியவர்களும் கேட்கிறார்கள். ஆகவே இந்த முறை கதவைப் பற்றியே எழுதுகிறேன்.

பலகையா தகரமா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கதவு எதற்கு என்பதுதான் முதல் கேள்வி. நமது பழைய லயங்களில் காம்பராவுக்கு ஒரே வாசல்தான். இஸ்தோப்பை அடைத்துக் குசினியாக்கி, அங்கேதான் அடுப்பு வைத்திருக்கிறோம். விறகும் அங்கேதான், மண்ணெண்ணெய்ப் போத்தலும் அங்கேதான். பிள்ளைகள் படுப்பது உள்ளே. இரவில் நெருப்புப் பிடித்தால் எங்கே பிடிக்கும்? வெளியே போகிற ஒரே வழியில்தான் பிடிக்கும். காற்றாட வேண்டும், வெளிச்சம் வேண்டும், சாமான் கழுவ வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் நெருப்புக்கும் புகைக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறதா என்பதை மனதில் வைத்தே பின்கதவைத் தெரிவு செய்ய வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பின்கதவு இருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று ஈரப் பலகையில் செய்த கதவை வாங்கினேன். வெயில் காலத்தில் அழகாகத் திறந்து மூடியது. ஆனி மாத மழையில் ஊதி நிலையோடு இறுகிவிட்டது. "மழை விட்டதும் சீவிக்கலாம்" என்று விட்டேன். அந்தக் கிழமையில் ஒரு இரவு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. பின்பக்கம்தான் ரோட்டுக்குக் கிட்ட. கதவு அசையவில்லை. முன்வாசலால் தூக்கி, லயத்தைச் சுற்றி, வழுக்குகிற கான் ஓரமாகக் கொண்டு போனோம். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கதவை நான் காலால் உதைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே பலகையைப் பற்றி முதலில் சொல்கிறேன். காயாத பலகை எந்த மரமானாலும் வேண்டாம். ஒரு அங்குலத் தடிப்புள்ள பலகை, நிழலில் காற்றாட அடுக்கி வைத்தால் காய ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும் என்பது பழைய ஆசாரிமார் கணக்கு. நமது குளிர்ப் பக்கத்தில் இன்னும் சுணங்கும். கையை வைத்தால் குளிர்ந்து, தூக்கினால் பாரமாக இருந்தால் அது இன்னும் ஈரம். பலா மரத்தின் மஞ்சள் வைரம் கறையானுக்கு லேசில் அசையாது. ஆனால் விலை கூட. உங்கள் காணியில் நிற்கும் பலாவை வெட்டுவதென்றாலும் அனுமதி எடுக்க வேண்டும், அது சட்டம். சப்பு நல்ல நடுத்தரம், நமது பக்கத்தில் கிடைக்கும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் உறுதிதான். ஆனால் சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அல்பீசியா வெளிக்கதவுக்கு ஆகாது, பெட்டி அடிக்கத்தான் சரி. பார்வைக்குப் பளபளப்பான பிளைவூட் கதவும் அறைக்குள் போடுகிற சாமான். மழை அடித்தால் ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

அந்த அக்காவின் தகரக் கதவுக்கும் பதில் சொல்ல வேண்டும். தகரம் ஊதாது, அது நல்ல குணம். ஆனால் சட்டம் நல்ல மரமாக இருக்க வேண்டும். தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் தண்ணீர் தங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே உளுத்துவிடும். கீழ் ஓரத்தைத் தகரத்தால் மடித்து மூடாமல் தண்ணீர் வடிய விடச் சொல்லுங்கள்.

பலகைக் கதவு என்றால் பின்னால் குறுக்குச் சட்டங்களும், அவற்றுக்கு நடுவே சாய்வுச் சட்டமும் இருக்கும். அந்தச் சாய்வுச் சட்டத்தின் கீழ் நுனி கீல் இருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேல் நுனி பூட்டுப் பக்கம் போக வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் கீலுக்கு இறங்கும். மாறிப் போட்டால் சில மாதத்தில் கதவு தொங்கி நிலத்தில் உரசும். பல பாஸ்மார் அவசரத்தில் இதை மாற்றிப் போடுகிறார்கள். "பாஸ், சாய்வுச் சட்டம் கீல் பக்கம் இறங்கட்டும்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. கீல் 3 போடுங்கள், ஆணி வேண்டாம், ஸ்குரூ போடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது கதவை மாட்டுவதற்கு முன்பே மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் அடித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு இடத்தாலும்தான் பலகை தண்ணீர் குடிக்கிறது.

கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கம் திறப்பதா? வெளியே திறக்கும் கதவில் மழை உள்ளே வராது, காம்பராவில் இடமும் மிச்சம். பின்னால் வெட்டவெளி இருந்தால் அப்படியே போடலாம். காற்று அடித்து உடைக்காமல் ஒரு கொக்கி மட்டும் வேண்டும். ஆனால் நமது லயங்கள் பலவற்றில் பின்சுவரை ஒட்டி மண்மேடு இருக்கிறது. கடும் மழையில் அதிலிருந்து இரண்டு கூடை மண் சரிந்து விழுந்தாலே வெளியே திறக்கும் கதவு திறக்காது. அந்த இடத்தில் கதவு உள்ளேதான் திறக்க வேண்டும். மழைத் தண்ணீருக்குக் கதவின் அடியில் வெளிப்பக்கமாகச் சரிவான ஒரு பலகைத் துண்டு அடித்து, வாசற்படியையும் வெளியே சாய்வாகப் பூசினால் போதும். இது சிறிய சரிவுக்குச் சொன்னது. மேடு வெடித்திருந்தாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டாலோ கதவை நம்பி உள்ளே இருக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை நாம் பார்த்தோம்.

அகலம் மூன்று அடி கிடைத்தால் நல்லது. இரண்டரை அடிக்குக் குறைய வேண்டாம். நோயாளி ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். நிலையை அளக்கும்போது மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அகலம் எடுத்து, குறுக்காக மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராவிட்டால் நிலை கோணல்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகத் திறக்கும் அரைக்கதவு எனக்குப் பிடித்தது. பகலில் மேல் பாதியைத் திறந்து வைத்தால் அடுப்புப் புகை போகும், வெளிச்சம் வரும். நாயும் கோழியும் உள்ளே வராது, தவழும் பிள்ளையும் வெளியே போகாது. ஆனால் இரவில் இரண்டு பாதியையும் ஒரு தாழ்ப்பாளால் சேர்த்துவிட வேண்டும், இழுத்தால் ஒரே கதவாகத் திறக்க வேண்டும். நெருப்பில் புகை மேலே நிற்கும், ஆள் குனிந்துதான் வர வேண்டும். அதனால் தாழ்ப்பாளை ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். உள்ளிருந்து திறக்கச் சாவி தேவைப்படக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். மலைக்குப் போகும்போது பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே ஆமைப்பூட்டுப் போடும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. அப்படிச் செய்தால் இரண்டு கதவு இருந்தும் பயன் இல்லை.

லயச் சுவரில் புதிதாக வாசல் வெட்டுவதென்றால் தோட்ட ஆபீசுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி எடுங்கள். பழைய சுவர் பல இடத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. மேலே லிண்டல் வைக்காமல் வெட்டினால் கூரையோடு இறங்கும். லிண்டல் இரு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் சுவருக்குள் போக வேண்டும். அடுத்த காம்பராச் சுவரை ஒட்டி வெட்டவே கூடாது. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்னால் இடமே இல்லை. அங்கே இருப்பவர்கள் ஜன்னல் கிறிலை உள்ளிருந்து திறக்கும்படி கீல் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஒரு கதவின் செலவு வராது.

பாஸிடம் கூலி பேசும்போது முழுக் காசையும் ஒரே முறையில் கொடுக்காதீர்கள். கொஞ்சத்தை நிறுத்தி வைத்து, முதல் பெருமழை முடிந்து வந்து பார்த்துச் சீவிக் கொடுத்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த மழைக்குள் கதவு இறுகினால் அன்றைக்கே ஆள் அனுப்புங்கள்.