விண்வெளி விளையாட்டுகளில் வரும் கிரகங்கள்: விஞ்ஞான நோக்கில் ஓர் ஆய்வு

கணிப்பொறியின் துணைகொண்டு ஆடப்படும் விளையாட்டுகளுள் விண்வெளியைக் களமாகக் கொண்டவை ஒரு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன. பள்ளியில் எட்டுக் கிரகங்களைப் பற்றிப் படிக்கும் மாணவன், மாலையில் திரையின் முன் அமர்ந்து நூற்றுக்கணக்கான கிரகங்களில் இறங்கி ஏறுகிறான். பாடநூலில் படித்தது மறந்துபோகலாம். திரையில் கண்டது எளிதில் மறப்பதில்லை. ஆகவே அக்கிரகங்கள் இயற்கை விதிகளுக்கு எந்த அளவு இணங்கியவை என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். விஞ்ஞான மன்றங்களையும் கண்காட்சிகளையும் நடத்தும் களப்பணியாளரிடமும் இவ்வினா எழுப்பப்படுவதுண்டு.

ஒரு கிரகத்தை விவரிக்கச் சில எண்களே போதும்: அதன் ஆரம், நிறை, தாய் விண்மீனிலிருந்து அதன் தூரம், அவ்விண்மீனின் நிறையும் ஒளி வலிமையும். இவற்றைத் தந்துவிட்டால் மேற்பரப்பு ஈர்ப்பு, சராசரி அடர்த்தி, சுற்றும் காலம், ஏறத்தாழ உஷ்ணநிலை ஆகியவை தாமே பின்தொடரும். அவற்றை விருப்பம்போல் அமைத்துக்கொள்ள இயலாது. கற்பனைக் கிரகங்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே சறுக்குகின்றன.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விளையாட்டு. மெக்ஸிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் முதன்முதலாக வெளியிட்ட இது, 2015-இல் முழு வடிவம் பெற்றது. இது ஒருவர் தனித்து ஆடுவதற்கென அமைந்தது. எனினும் பாடத்திற்கு இதைவிட ஏற்றது கிடைத்தல் அரிது. இதில் வரும் ‘கெர்பின்’ என்ற கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர். அதன் மேற்பரப்பு ஈர்ப்போ பூமியினுடையதேதான்: வினாடிக்கு வினாடி 9.81 மீட்டர். ஒரே அடர்த்தியுள்ள இரு கோளங்களின் மேற்பரப்பு ஈர்ப்பு அவற்றின் ஆரத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கெர்பினின் ஆரம் பூமியின் ஆரத்தில் ஏறத்தாழ 10.6-இல் ஒரு பங்கு. ஈர்ப்பு குறையாதிருக்க வேண்டுமாயின் அடர்த்தி 10.6 மடங்கு உயர்ந்தாக வேண்டும். பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம், எனவே கெர்பினின் அடர்த்தி ஏறத்தாழ 58 கிராம் ஆகிறது. பூமியில் கிடைக்கும் தனிமங்களுள் மிக அடர்ந்ததான ஆஸ்மியத்தின் அடர்த்தியே 22.6 கிராம்தான். இத்தகைய கிரகத்தை ஆக்கும் பொருள் எதுவும் இயற்கையில் இல்லை.

இப்பிழை அறியாமையால் நேர்ந்ததன்று என்பதை மாணவர்க்கு உணர்த்த வேண்டும். பூமியின் தரையை ஒட்டிச் சுற்றும் ஒரு பொருளுக்கு வினாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகம் தேவை. ஒரு சுற்றுக்கு 84 நிமிடம் ஆகும். கெர்பினில் 2.4 கிலோமீட்டர் வேகமே போதும்; சுற்றும் காலம் 26 நிமிடம். ஆடுவோரின் பொறுமையைக் கருதி உலகைச் சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் இயக்க விதிகளைப் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு வரவேண்டும் என்பதை இவ்விளையாட்டின் வழியே புரிந்துகொண்ட மாணவர் பலர். ஒரு குறை குறிப்பிடத்தக்கது. அடிப்படை வடிவில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தின்மீது செயல்படும். இரு கோள்களின் ஈர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் லக்ராஞ்சு நிலைகள் அங்கே இல்லை. இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலம் 2024 ஜனவரியில் சென்றடைந்த, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலை இத்தகையது. அக்கலத்தை அவ்விளையாட்டின் உலகில் நிறுத்த இடமில்லை.

பலர் ஒருங்கே ஆடும் விளையாட்டுகளுள் முதன்மையானது, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதத்தில் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’. இதில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன் குடும்பங்கள் உள்ளன. ஆனால் அங்கே கிரகங்கள் தம் விண்மீனைச் சுற்றுவதில்லை. வைத்த இடத்திலேயே நிற்கின்றன. கலங்களோ எஞ்சினை நிறுத்தியதும் நீரில் செல்லும் படகுபோல வேகம் தணிந்து நின்றுவிடுகின்றன. இது நியூட்டனின் முதல் விதிக்கு மாறானது. அரிஸ்டாட்டில் காலத்துக் கொள்கைக்கு ஒத்தது. வகுப்பில் இவ்விதியைக் கற்பிக்கும்போது, “இக்கலம் ஏன் நின்றது?” என்ற ஒரு வினாவே போதுமானது.

இத்தகைய விளையாட்டுகளில் எரிமலைக் கிரகம், பனிக் கிரகம், கடற்கிரகம் எனப் பல வகைகள் வரும். அவை இருக்கும் தூரம் அவ்வகைக்குப் பொருந்துமா என்று சோதிக்க எளிய முறை உண்டு. விண்மீன் ஒன்றேயாயின், கிரகத்தின் உஷ்ணநிலை தூரத்தின் வர்க்கமூலத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். வாயுமண்டலத்தின் போர்வை இல்லாவிடில் பூமியின் உஷ்ணநிலை 255 கெல்வின், அதாவது பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு. நான்கு மடங்கு தொலைவில் அது பாதியாகிறது. நான்கில் ஒரு பங்குத் தொலைவில் இரு மடங்காகி 510 கெல்வினை எட்டுகிறது. அங்கே பனி நிலைத்திருத்தல் அரிது. ஆயினும் இக்கணக்கை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. வெள்ளியின் மேற்பரப்பு 460 டிகிரிக்கு மேல் கொதிப்பது சூரியனுக்கு அருகில் இருப்பதால் மட்டுமன்று. அதன் அடர்ந்த கரியமிலவாயுப் போர்வையே பெருங்காரணம்.

இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை 2-ஐ 64 முறை பெருக்கினால் வரும் இருபது இலக்க எண். அவற்றை எவரும் வரைந்து வைக்கவில்லை. ஆடுபவர் அணுகும்போது ஒரு கணிதச் சூத்திரம் அவற்றை ஆக்குகிறது. அங்கே வானத்தில் அண்டைக் கிரகங்கள் மலைபோல் எழுந்து நிற்கும். காட்சி அழகியதே, இயற்கையில் அது நிலைக்காது. அலையெழுப்பும் ஈர்ப்பு விசை தூரத்தின் கனத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் வளரும். சந்திரன் இப்போதுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கிற்கு வந்தாலே அவ்விசை ஆயிரம் மடங்காகும். இன்னும் அருகில், சந்திரனிலும் பெரிய கிரகம் ஒன்று இருந்தால் நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்றாலும் வியப்பூட்டும் காட்சி என்பதாலேயே ஒன்றைப் பொய்யெனத் தள்ளிவிடலாகாது. 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய சிறு விண்மீனைச் சுற்றி ஏழு கிரகங்கள் இருப்பது 2017-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் உள்ளே இருக்கும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் தூரம் ஆறரை லட்சம் கிலோமீட்டர் அளவே. ஒன்றில் நிற்பவர்க்கு மற்றொன்று, பூமியிலிருந்து காணும் முழு நிலவைப்போல் இரு மடங்கிற்கும் மேலான அகலத்துடன் தோன்றும். இரு சூரியன்கள் உதிக்கும் உலகம் திரைப்படக் கற்பனை என்றே கருதப்பட்டது. 2011-இல் கெப்ளர்-16 என்னும் இரட்டை விண்மீனைச் சுற்றும் கிரகம் கண்டறியப்பட்டது.

அளவுகளைப் பேணுவதில் சிறந்து நிற்பது, கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிரண்டியர் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘எலைட் டேஞ்சரஸ்’. பால்வெளி மண்டலம் முழுவதையும் 40,000 கோடி விண்மீன் குடும்பங்களுடன் அது அமைத்திருக்கிறது. வானியல் அட்டவணைகளில் உள்ள உண்மை விண்மீன்களும் அவற்றில் அடக்கம். கிரகங்கள் உரிய காலத்தில் சுழல்கின்றன, சுற்றுகின்றன. இந்த நேர்மைக்கு ஆடுபவர் விலை தரவேண்டியிருக்கிறது. ஆல்ஃபா சென்டாரியின் முதன்மை விண்மீனிலிருந்து ப்ராக்ஸிமாவை அடுத்துள்ள ‘ஹட்டன்’ நிலையம் 0.22 ஒளியாண்டுத் தொலைவில் வைக்கப்பட்டுள்ளது. ஒளியே அத்தூரத்தைக் கடக்க 80 நாள் ஆகும். விளையாட்டின் கலங்கள் ஒளியை விஞ்சுபவை. அது முழுக் கற்பனை. இருந்தும் தொடக்கத்தில் அங்கே சென்றுசேர ஒரு மணி நேரத்திற்கு மேல் வெறுமனே காத்திருக்க வேண்டியிருந்தது. விண்வெளி எத்துணை வெறுமையானது என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் படம் வேறில்லை.

திரைக் கிரகத்திற்குச் செய்த கணக்கை உண்மைக் கிரகம் ஒன்றிற்கும் மாணவர் செய்து பார்த்தல் வேண்டும். அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள் அபு மலைத் தொலைநோக்கியில் ‘பாரஸ்’ என்ற நிறமாலைக் கருவியைப் பொருத்தி, 2018-இல் ஒரு கிரகத்தின் நிறையை அளந்து உறுதிசெய்தனர். ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் நிறை பூமியைப்போல் 27 மடங்கு. ஆரம் 6 மடங்கு. தன் விண்மீனை அது 19.5 நாளில் சுற்றிவிடுகிறது. ஆரத்தின் கனம் 216. எனவே அடர்த்தி பூமியினுடையதில் 216-இல் 27 பங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு. அது நீரின் அடர்த்தியிலும் குறைவு. ஈர்ப்போ 36-இல் 27 பங்கு, அதாவது முக்கால். பூமியின் 27 மடங்கு நிறையுள்ள இடத்தில் ஒருவனுடைய எடை குறைகிறது என்று கண்டவுடன் மாணவர் கணக்கை மறுமுறை செய்து பார்ப்பர். கணக்கு சரியானதே.

விளையாட்டும் ஆராய்ச்சியும் நேராகச் சந்தித்த நிகழ்ச்சியும் உண்டு. 1995-இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கிரகத்தைக் கண்டனர். 2019-இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வியாழனில் பாதி நிறையுள்ள அது 4.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் ஒரு விளையாட்டு இத்தகைய கிரகத்தைக் காட்டியிருந்தால் ஆசிரியர்கள் அதைத் தவறென்றே திருத்தியிருப்பர். அதே மேயரின் துணையுடன் ஜெனீவா பல்கலைக்கழகம், 2017-இல் ‘ஈவ் ஆன்லைன்’ ஆடுவோரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் 2006-இல் ஏவிய ‘கோரோ’ விண்கலம் அளந்த விண்மீன் ஒளி வரைபடங்கள் விளையாட்டினுள்ளேயே காட்டப்பட்டன. கிரகம் குறுக்கே செல்லும்போது ஒளி சிறிது தாழும். அத்தாழ்வுகளை ஆடுவோர் குறித்தனர். ஒரே வரைபடம் பலருக்கு அளிக்கப்பட்டு, அவர்களின் ஒருமித்த கருத்தே கொள்ளப்பட்டது. நகராத கிரகங்களைக் கொண்ட விளையாட்டு, நகரும் கிரகங்களைத் தேடும் பணிக்குக் களமாயிற்று.

இப்பணியை வகுப்பறையிலும் செய்து காட்டலாம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்வண்ண உருண்டை விளக்கு, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள களிமண் உருண்டை, நூல், ஒளிமானி ஆகியவை போதும். ஒளிமானியாகக் கைபேசியையே பயன்படுத்தலாம். அறையை இருட்டாக்கி, மூன்று மீட்டர் தொலைவில் ஒளிமானியை வைத்து, உருண்டையை விளக்கை ஒட்டியவாறு மெல்லக் குறுக்கே நகர்த்தினால், மறைக்கப்படும் பரப்பு நூற்றில் ஒரு பங்கு. சூரியனுக்கு வியாழன் செய்வதும் அதுவே. பூமியைக் காட்ட விரும்பினால் உருண்டையின் விட்டம் 0.9 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். ஒளியின் குறைவு 12,000-இல் ஒரு பங்காகிவிடும், கைபேசி அதை உணராது. மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் வியாழனின் ஒரு சதவிகிதத் தாழ்வும் மறைந்துபோகக்கூடும். அவ்வேளையில் சோதனையை நிறுத்த வேண்டியதில்லை. விண்மீன்களின் ஒளியும் தம் கறைகளாலும் கொதிப்பாலும் இவ்வாறே ஆடுகிறது. அளவுகளை ஐந்து வினாடிக்கு ஒருமுறை குறித்து வரைபடமாக வரையச் செய்து, உருண்டை எப்போது கடந்தது என்பதை, அதைக் காணாத வேறொரு குழுவினர் வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்லுமாறு கேட்கலாம்.