மூதூரிலிருந்து எங்கே கொண்டுபோவது?

வீட்டில் ஒருவர் கசிப்பிலோ (கள்ளச்சாராயம்) தூளிலோ (ஹெரோயின்) ஐஸிலோ (மெதம்பெட்டமின்) மாட்டிக்கொண்டால் யோசனை சொல்ல மூதூரில் ஆளுக்குக் குறைவில்லை. கல்யாணம் கட்டி வை என்பார் மாமா. கட்டாருக்கு அனுப்பு என்பார் சாச்சா. பள்ளிவாசலில் வைத்துச் சத்தியம் வாங்கு, கந்தக்காட்டில் கொண்டுபோய் விடு, பேப்பரில் வந்த மருந்தைச் சோற்றில் கலந்து கொடு. எல்லாம் அக்கறையில் வருபவைதான். ஆனால் இவற்றில் சில உதவும், சில வீண், ஒன்றிரண்டு ஆளையே கொன்றுவிடும்.

இடத்தைத் தேடுமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அவர் பாவிப்பது எது, எவ்வளவு காலமாக?

காலையில் கை நடுங்குகிறது, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்ட குடிகாரரை அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தவே கூடாது. மதுசாரம் மூளையை மந்தப்படுத்தும். பல வருடம் குடித்தவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எப்போதும் விறைத்த நிலையிலேயே வேலை செய்யப் பழகியிருக்கும். குடி சட்டென்று நின்றால் அந்த விறைப்பு மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் காண்பார், பிதற்றுவார், காய்ச்சல் ஏறும். சிலர் இறந்தும் போகிறார்கள். வைத்தியசாலையில் வைத்து டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமினும் ஏற்றினால் பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் இந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள். ஆகவே இவருக்கு முதல் வாசல் மூதூர் ஆதார வைத்தியசாலை. “இந்த நோன்போடு விட்டுவிடுகிறேன்” என்று ஒருவர் நிய்யத் வைத்தால் அது பெரிய விஷயம். தலைநோன்புக்கு இரண்டு வாரம் முன்பே அவரை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

தூள் வேறு மாதிரி. உடம்பு உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதில் உயிர் போவது அபூர்வம். உண்மையான ஆபத்து பின்னால் வருகிறது. சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. புனர்வாழ்வு முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த கையோடு பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐஸை விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார், பிறகு மனம் சோர்ந்துபோவார். சந்தேகம், காதில் குரல், சாக வேண்டும் என்ற பேச்சு இருந்தால் தாமதிக்காமல் மனநலப் பிரிவு. ஐஸுக்கு நம்பத்தக்க மாற்று மருந்து இன்னும் இல்லை. ஆலோசனையும் தவறாத தொடர்சந்திப்பும்தான் சிகிச்சை.

இனி இடங்கள். பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காடு, போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வுக்குப் பயன்பட்ட முகாம். பிறகு போதைக்கு அடிமையானவர்களை நீதிமன்ற உத்தரவில் அனுப்பும் இடமானது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இந்தக் கட்டாயச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். வீட்டில் உயிருக்கு ஆபத்து, வேறு எந்த வழியும் இல்லை என்றாலொழிய ஒரு தாய் தன் பிள்ளையைப் பிடித்துக்கொடுக்கும் இடமாக இதை நான் சொல்லமாட்டேன்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, பேராதனை, காலி, நிட்டம்புவ போன்ற இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. தானாக விரும்பிப் போகிறவருக்கு, குறிப்பாகத் தூள்காரருக்கு, இது நல்ல தெரிவு. ஒரே சிக்கல் மொழி. மனதைத் திறக்க வேண்டிய இடத்தில் அரைகுறைச் சிங்களத்தில் தலையாட்டிவிட்டு வந்தால் பயனில்லை. தமிழில் ஆலோசனை தர ஆள் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எந்த நிலையத்துக்குப் போனாலும் திரும்பி வருவது அதே ஒழுங்கைக்குத்தான். வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்து பார்த்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். தூள் விற்றவனும் கூட இருந்து இழுத்தவர்களும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு நடப்பது நேர்மாறு. தூரத்தில் வைத்துக் குணமாக்கி, விற்கிறவன் நிற்கும் சந்திக்கே திருப்பி அனுப்புகிறோம். கட்டாருக்கு அனுப்பும் யோசனையில் இந்தளவு நியாயம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் முடிந்து வரும் நாளுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. கல்யாணம் சிகிச்சையே அல்ல. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைப்பது.

சோற்றில் கலக்கும் மருந்து அதைவிட மோசம். குடிக்கு எதிராகக் கொடுக்கப்படும் டைசல்பிராம், உள்ளே மது போனதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழச் செய்யும். தெரிந்து எடுப்பவர் குடிக்காமல் இருப்பார். தெரியாமல் விழுங்கியவர் குடித்துவிட்டு இறந்துபோகலாம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் கொடுக்காதீர்கள்.

என் தெரிவு இது: விடும் முதல் வாரத்தை மூதூர் வைத்தியசாலையில் வைத்தியரின் கண்காணிப்பில் கழிப்பது, பிறகு குறைந்தது ஒரு வருடம் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு தரைவழிப் பயணம் சுலபமானது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தொழில் போகும். அந்த நாளின் செலவைக் குடும்பம் ஏற்க வேண்டும். சிகிச்சையில் பாதி அதுதான். 2004 சுனாமியில் கடலும் 2006இல் மூதூரில் நடந்த சண்டையும் பிள்ளைகளைக் கொண்டுபோன வீடுகளில், தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். குடியையும் அந்த இழப்பையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் குடி திரும்பி வரும்.

பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றும் மருந்துக்கு மாற்றாக இல்லாமல், மாலை நேரத்தை நிரப்பும் துணையாக இருந்தால் பலன் பெரிது. பழைய கூட்டாளிகளுக்குப் பதில் புதிய ஆட்கள் கிடைப்பார்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துத் தொடங்கிய ‘அல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இன்று உலகெங்கும் இருப்பதும் இந்தத் துணையால்தான்.

மீண்டும் ஒரு தடவை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கைவிடாதீர்கள். சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்படி நடக்கிறது. அன்றைக்கே கிளினிக்குக்குத் திருப்பிக் கூட்டிப்போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதைப்பொருளுக்கு 1927, மனநல உதவிக்கு 1926. அவர் வர மறுத்தாலும் நீங்கள் முதலில் எடுத்துப் பேசுங்கள்.