ஒரு பஞ்சமும் நான்கு நூல்களும்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஓர் இளைஞர் என்னிடம், "சார், அரசியல், அரசாங்கக் கொள்கை பற்றிப் படிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டார். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னால் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நான் படித்தது பொறியியல் டிப்ளமோ. என் முறையும் ரயில்வேயில் கற்றதுதான்.

வண்டி தடம் புரண்டால் விசாரணை நடக்கும். டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்குவார்கள். தண்டவாளத்தையும் அளந்து குறித்துக்கொள்வோம். வாக்குமூலமும் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு எழுதப்படும். உத்தியோகத்தில் இதைத் தவறாமல் கடைப்பிடித்த நான், புத்தகம் படிப்பதில் ஒருமுறை கோட்டைவிட்டேன்.

1987-ஆம் ஆண்டு. மேதினிபூர் பகுதியில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். மதிய உணவு வேளையில் 1943 வங்கப் பஞ்சம் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதுதான் ஒரு நூலைப் படித்து முடித்திருந்த தைரியத்தில், "புயல் அடித்தது, பயிர் போயிற்று, பர்மாவிலிருந்து அரிசி வருவதும் நின்றது. அரிசியே இல்லாதபோது யார் என்ன செய்ய முடியும்?" என்றேன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த எங்கள் கேங் மேட், "அரிசி இருந்தது பாபு. மண்டியில் மூட்டை மூட்டையாக என் கண்ணால் பார்த்தேன். எங்களிடம் காசுதான் இல்லை" என்றார். அந்த வருஷம் தம்பியையும் தங்கையையும் பறிகொடுத்தவர் அவர். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதில் கற்ற பாடங்கள் இவை.

முதலாவது, எழுதியவர் யார், எங்கே நின்று பார்த்தார் என்று கவனிக்க வேண்டும். 1945-இல் வெளிவந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கைக்குத் தலைவர் சர் ஜான் வுட்ஹெட். 1939-இல் வங்காளத்தின் தற்காலிக கவர்னராக இருந்தவர். அதற்காக அறிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. மாகாண அரசின் தவறுகளை அது கண்டித்தே எழுதியது. ஆனால் லண்டனில் எடுத்த முடிவுகளை அதிகம் தொடவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க மதுஸ்ரீ முகர்ஜியின் 'சர்ச்சில்ஸ் சீக்ரெட் வார்' (2010) வேண்டியிருக்கிறது. தானியத்துக்குக் கப்பல் ஒதுக்குவது பற்றி லண்டனில் நடந்தவற்றை அரசாங்க ஆவணங்களிலிருந்து அவர் எடுத்துத் தருகிறார்.

இரண்டாவது, கணக்கை நம் கண்முன் வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒன்பது வயதில் சாந்திநிகேதனில் பஞ்சத்தை நேரில் கண்ட அமர்த்தியா சென், 1981-இல் 'பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்' எழுதினார். அவர் கணக்குப்படி 1943-இல் வங்கத்தின் தானிய வரத்து முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு. பஞ்சம் வராத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியது, விவசாயக் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை என்பதை அட்டவணை போட்டுக் காட்டுகிறார். நாமே கூட்டிக் கழித்துச் சரிபார்க்கலாம். எங்கள் மேட் ஒரு வரியில் சொன்னதும் இதுதான்.

மூன்றாவது, தன் தவற்றை ஒப்புக்கொள்பவரை நம்பலாம். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது கமிஷன். அதில் உறுப்பினராக இருந்த ஐக்ராய்ட், 1974-இல் எழுதிய 'தி காங்க்வெஸ்ட் ஆஃப் ஃபேமின்' நூலில், அந்த எண்ணிக்கை குறைவான மதிப்பீடே என்று தாமே எழுதினார். சென் கணக்கில் அது 30 லட்சத்தை ஒட்டி வருகிறது.

நான்காவது, நமக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான எழுத்தையும் தேடிப் படிக்க வேண்டும். நெல் நோய் ஆய்வாளர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதிய கட்டுரையில், 1942-இல் பழுப்புப் புள்ளி நோய் வங்கத்து நெற்பயிரைக் கடுமையாகத் தாக்கியதாகக் குறிப்பிட்டார். இதைக் கொண்டு மார்க் டாகர் என்ற வரலாற்றாசிரியர் சென்னின் விளைச்சல் கணக்கையே கேள்வி கேட்டார். ஆக, நான் முதலில் படித்த நூல் முழுப் பொய்யல்ல, அரைகுறை. மேட் சொன்னதும் ஒரு வாக்குமூலம்தான். அவர் கண்டது ஒரு மண்டி, வங்கம் முழுவதையும் அல்ல.

இதெல்லாம் பழங்கதை என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைத் தவறாகக் கண்டால் பரிகாரமும் தவறிப்போகும். அரிசி இல்லாமை மட்டுமே காரணமென்றால் அரிசியைக் கொண்டுவந்து இறக்கினால் போதும். வாங்கக் காசில்லாமையும் காரணமென்றால் கூலி வேலையும் மலிவு விலை ரேஷனும் சேர்ந்து வேண்டும். ஓட்டுப் போடும் நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா?

காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்குமுன் பத்து நிமிஷம் செலவிடுங்கள். முன்னுரையையும், பின்னால் உள்ள ஆதாரக் குறிப்புகளையும் புரட்டுங்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். ஒரு தலைவரைப் பற்றி முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புகழ்ச்சி அல்லது வசை மட்டுமே இருந்தால் வைத்துவிடலாம். விலை அதிகமான நூல்களுக்கு அலிப்பூர் தேசிய நூலகம் இருக்கவே இருக்கிறது.

அந்த இளைஞரிடம் கமிஷன் அறிக்கை, சென் நூல் இரண்டின் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் படித்துவிட்டு வந்து என்னோடு வாதாடும்படி சொல்லியிருக்கிறேன். அன்பர்களும் தாங்கள் படித்த இத்தகைய நூல்களைப் பற்றி நம் நூலகக் குறிப்பேட்டில் நாலு வரி எழுதி வைத்தால், அடுத்து வருபவருக்கு உதவியாக இருக்கும்.