ஒரே பெட்டியில் ஆட்டமும் படமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஒரு வேலைக்கு ஒரு கருவி என்றிருந்த காலம் மாறி, ஒரே கருவி பல வேலைகளைச் செய்யும் காலம் வந்துவிட்டது. கைப்பேசி இதற்குக் கண்கண்ட சான்று. அதைப் போலவே, பிள்ளைகளின் பொழுதுபோக்கிற்கென்று பிறந்த வீடியோ கேம் பெட்டியும் இன்று படம் காட்டும் பெட்டியாகவும் பாட்டுப் பெட்டியாகவும் வளர்ந்திருக்கிறது. பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய எங்கள் சுண்ணாம்புக்குளத்தில், சென்னை பர்மா பஜாரிலிருந்து பழைய பெட்டி ஒன்றை வாங்க எண்ணிய மாமா ஒருவர், "தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளை. இது ஒண்ணு இருந்தா டிவிடி பிளேயரும் வேணாம், கேபிளும் வேணாங்கிறாங்களே, நெசமா?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வளர்ந்த வரலாறு

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதல் வீட்டுக் கருவியான மாக்னவாக்ஸ் ஒடிசி, 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1983-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகளே 'டி.வி. கேம்' என்ற பெயரில் நம் நாட்டு வீடுகளில் நுழைந்தன. இவை ஆடுவதற்கு மட்டுமே பயன்பட்டன.

திருப்பம் 2000-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் சோனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2, டிவிடி படத்தட்டுகளையும் ஓட்டியது. தனி டிவிடி பிளேயர் விலை கூடியிருந்த அந்நாளில், படம் பார்ப்பதற்காகவும் அதை வாங்கியோர் பலர். உலகெங்கும் அது 15 கோடிக்கு மேல் விற்றது. 2003-இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட பிஎஸ்எக்ஸ், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும் வல்லதாயிருந்தது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 புளூ-ரே தட்டுகளை ஓட்டியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கென ஆர்வலர்கள் எழுதிய 'எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்' என்னும் மென்பொருளே 2014-இல் 'கோடி' என்று பெயர் மாறி, இன்று பலவகைக் கருவிகளில் இயங்குகிறது.

இயங்கும் முறை

ஆடும் பெட்டி எவ்வாறு படம் காட்டுகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிவிடி படத்தின் ஒரு சட்டத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் என்று கொண்டால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3.11 கோடி பைட்டுகள் தேவை. இரண்டு மணி நேரப் படத்திற்கு இது சுமார் 224 ஜிகாபைட் ஆகும். ஆனால் ஓரடுக்குத் தட்டின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட் மட்டுமே. எனவே படத்தை ஏறக்குறைய 48-இல் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும்.

ஏரியில் படகு செல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். வானமும் கரையும் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதில்லை, படகுதான் நகர்கிறது. ஆகவே முழுப் படத்தையும் மீண்டும் மீண்டும் எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். எம்பெக்-2 என்னும் முறையின் அடிப்படைகளில் இது ஒன்று. சுருக்கியதை மீண்டும் விரிக்க நொடிதோறும் கோடிக்கணக்கான பெருக்கல்களும் கூட்டல்களும் வேண்டும். விளையாட்டுக் காட்சியை வரைவதற்கும் அத்தகைய கணக்குகளே தேவை. ஆகவே கேம் பெட்டியின் மூளைக்கு இது புதிய வேலையன்று. பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மைச் சில்லிலேயே இப்பணிக்கெனத் தனிப் பகுதி ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

முதலாவது, பொருத்தம். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிகள் 625 வரிகள் கொண்ட பால் முறையைச் சார்ந்தவை. அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரிகள் கொண்ட என்.டி.எஸ்.சி. முறையைக் கொண்டிருந்தன. அங்கிருந்து வந்த பழைய பெட்டியைப் பால் முறை மட்டுமே அறிந்த தொலைக்காட்சியில் இணைத்தால், படம் உருளலாம் அல்லது நிறமின்றித் தெரியலாம். மேலும் டிவிடிக்கு மண்டல எண் உண்டு. இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, ஜப்பானுக்கு 2. மண்டலம் மாறினால் தட்டு ஓடாது.

இரண்டாவது, மின்சாரம். 2008-இல் அமெரிக்காவின் நேச்சுரல் ரிசோர்சஸ் டிஃபென்ஸ் கவுன்சில் அளந்து பார்த்தபோது, பிளேஸ்டேஷன் 3 சுமார் 150 வாட்டும், எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 119 வாட்டும், நிண்டெண்டோ வீ வெறும் 16 வாட்டும் எடுத்தன. (வீ பெட்டியில் டிவிடி படம் ஓடாது என்பதையும் மறக்கலாகாது.) 150 வாட் பெட்டியில் நாளுக்கு மூன்று மணி நேரம் படம் பார்த்தால், இரு மாதங்களில் 27 யூனிட் செலவாகும். தொலைக்காட்சியின் செலவு தனி. தமிழக வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. அதில் கால் பங்குக்கு மேல் இவ்வொரு பெட்டியே விழுங்கிவிடும். இணையப் படம் காட்டும் 5 வாட் சிறு கருவிக்கு அதே பொழுதிற்கு ஒரு யூனிட் கூட ஆகாது.

மூன்றாவதே எங்கள் ஊருக்கு மிக முக்கியம். கேம் பெட்டி தானாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பை வாங்குவதில்லை. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், கேபிள் பெட்டியின் படத்தைத் தன் வழியே காட்டியது உண்மை. ஆயினும் கேபிள் பெட்டி இருந்தால்தான் அது நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது போன்ற நாட்களில், கடலுக்கும் ஏரிக்கும் செல்லலாமா கூடாதா என்னும் செய்தியே உயிர்ச்செய்தி. இணையம் அறுந்தால் இணையத்தை நம்பிய பெட்டி ஊமையாகும். மின்சாரமும் நின்றால் எல்லாப் பெட்டியும் ஊமைதான். பேட்டரி வானொலி ஒன்றே பேசும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி ஒன்றே. தம்பி ஆடினால் அம்மாவுக்குத் தொடர் இல்லை, அப்பாவுக்குச் செய்தி இல்லை. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையை நம் முன்னோர் வகுத்தனர். வீட்டுத் திரைக்கும் அதுபோல் முறை வகுக்க வேண்டியிருக்கும்!

முடிவுரை

மாமாவின் கேள்விக்கு நான் கண்ட விடை இது. டிவிடி பிளேயர் வேண்டாம் என்பது உண்மை. கேபிள் வேண்டாம் என்பது உண்மையன்று. வீட்டில் ஆடுவதற்கென்று பெட்டி இருக்குமாயின், அதிலேயே படமும் பார்க்கலாம். தனிப் பிளேயருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி பார்ப்பதற்காக மட்டும் அதை வாங்குவது வீண். 2004-இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை, அதுவே சிக்கனம். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் எங்கள் கரையில், பழைய பெட்டியின் உள்ளுறுப்புகளைத் திறந்து பாராமல் விலை பேசுவதும் தகாது.

கடையில் பெட்டியின் பின்புற எழுத்தைப் படித்து, அதிலுள்ள வாட்டை மணியால் பெருக்கிப் பார்க்க எல்லோராலும் இயலும். வகுப்பில் நாம் கற்கும் இயற்பியல், பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் காக்கவும் உதவுமாயின், அதைவிட நற்பயன் வேறென்ன?