கைபேசியில் ஆபாசம்: பையனைத் திட்டினால் தீருமா?

"வைத்தியரய்யா, பையனுக்கு நல்ல சத்து மருந்தாக் குடுங்க. ராத்திரி தூங்குறதே இல்ல. கண்ணு ரெண்டும் குழி விழுந்து போச்சு."

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய், பத்தொன்பது வயது மகனை அழைத்து வந்திருந்தார். நாடி, நாக்கு, விழி என்று எண்வகைத் தேர்வும் செய்து பார்த்தேன். நோய் ஒன்றும் தெரியவில்லை. தாயை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். பையன் தலை நிமிரவே இல்லை.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல அந்த மாதிரிப் படம் பாக்குறேன் அய்யா. விடணும்னு நினைக்கேன், முடியல. கோயில்ல பாடகர் குழுவில இருந்தேன். இப்போ போறதில்ல. அங்க நிக்க எனக்குத் தகுதி இல்ல."

கரிசல் காட்டில் கோடைப் பிளவுக்குள் விழுந்த பொருளைக் கையை விட்டுத் தேடி எடுக்க முடியாது. இந்தப் பழக்கமும் அப்படித்தான் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது.

இது நோயா?

பார்க்கிற எல்லாரும் நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு மனநலக் கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு மாதம் போல நீடித்து, படிப்பு, வேலை, குடும்பம், உடல்நலம் கெட்டும் நிறுத்த முடியாமல் போனால்தான் அந்தப் பெயர். 'பாவம் செய்துவிட்டேன்' என்ற மன வேதனை மட்டுமே இருந்தால் அதை நோய் என்று சொல்லக்கூடாது என்றும் அதே பட்டியல் எச்சரிக்கிறது. பக்தியுள்ள குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயத்தை விற்கும் வியாபாரம்

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம், வீட்டுக்குத் தெரியாமல் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து லேகியம் வாங்கியிருக்கிறான். ஏழு உடல்தாதுக்களில் ஏழாவது சுக்கிலம் என்று எங்கள் சித்த நூல்கள் சொல்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு 'நரம்பு போச்சு, ஆண்மை போச்சு' என்று பயமுறுத்துவது வைத்தியம் அல்ல. இந்த பயமே உடம்பை வாட்டும். இதை 'தாது நோய்' என்று மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-லேயே எழுதியிருக்கிறார். இந்த மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டமும் வந்துவிட்டது. ஆபாசப் பழக்கத்தை ஒழிக்க லேகியம் கிடையாது. சித்த மருத்துவன் என்ற முறையில் நானே சொல்கிறேன்.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்?

1962-ல் நியூயார்க்கில் யேசு சபைக் குருவானவர் மார்ட்டன் ஹில், ஒரு லூத்தரன் போதகரோடும் ஒரு யூத ரபியோடும் சேர்ந்து, சிறுவர் கைக்கு ஆபாசப் புத்தகம் போவதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். 1987-ல் பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் நார்மா நாரிஸ் என்ற பெண்மணி, எதிர்ப்பின் அடையாளமாக வெள்ளை ரிப்பன் கட்டச் சொன்னார். அது நாடெங்கும் பரவியது. இவை கடையை எதிர்த்த போராட்டங்கள்.

இன்று கடை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. நம் அரசு 2015-ல் 857 இணையதளங்களை முடக்கச் சொன்னது. சில நாளில் அந்த உத்தரவைத் தளர்த்தியது. உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2018-ல் 827 தளங்கள் முடக்கப்பட்டன. பூட்டு தேவைதான். ஆனால் பூட்டு மட்டும் போதவில்லை.

அதனால் இன்னொரு வழியும் பிறந்தது. 1991-ல் கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையில் ஜான் பேக்கர் என்பவர் 'செலிபிரேட் ரிகவரி' என்ற குழுவைத் தொடங்கினார். எந்தப் பழக்கத்தில் சிக்கியவரும் வரலாம். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்கள். சொன்னது வெளியே போகாது. 2017 அக்டோபரில் குழந்தைகளை இணையத்தில் காப்பது பற்றி ரோம் நகரில் மாநாடு கூடியது. அதன் பிரகடனத்தைப் போப் பிரான்சிஸ் பெற்றுக்கொண்டார்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். கத்தோலிக்கர்களிடம் அன்பியக் கூட்டமும் பாவசங்கீர்த்தனமும் இருக்கின்றன. சி.எஸ்.ஐ. சபைகளில் வாலிபர் ஐக்கியமும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் இருக்கின்றன. மற்ற மதத்தவருக்கும் ஊர் இளைஞர் மன்றங்கள் உண்டு. அங்கே இவற்றைச் செய்யலாம்:

1. பொதுக் கூட்டத்தில் யார் பெயரையும் இழுக்காதீர்கள். வெட்கப்படுத்தினால் பையன் கூட்டத்தை விடுவான், போனை விடமாட்டான்.

2. ரகசியம் காக்கும் பெரியவர் இரண்டு பேரை அடையாளம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே வேண்டும்.

3. இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் கூடத்து அலமாரியில். அப்பா போனும்தான்!

4. 'படத்தில் வருவது நடிப்பு, சில சமயம் கட்டாயம். வாழ்க்கை அல்ல' என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

5. மீள முடியாதவர்களை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சிறுவர், சிறுமியரைக் காட்டும் படம் என்றால் விஷயமே வேறு. 'இறக்கிப் பார்த்தது குற்றமில்லை' என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால் போக்சோ வழக்கு வரலாம். யாருக்கும் அனுப்பவே கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் உடனே 1098-க்குச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு மருந்துச் சீட்டில் மூன்றே வரி எழுதினேன். இரவில் போன் அம்மாவிடம். சாயங்காலம் ஹாக்கி மைதானம். நம்பிக்கையான ஒருவரிடம் மனசைத் திறந்து பேச்சு. தாயிடம், "தூக்கம் கெட்டிருக்கு, சரியாயிரும்" என்று மட்டும் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து வந்தான். "முழுசா விடல அய்யா. ஆனா தூங்குறேன். பங்குச்சாமிகிட்ட பேசினேன். அவர் திட்டல. 'ஞாயித்துக்கிழமை பாட வா'ன்னாரு" என்றான். கண்ணில் குழி குறைந்திருந்தது.

அந்த ஒரு வார்த்தையை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் யாராவது சொல்ல வேண்டும். முதலில் நீங்களே சொல்லுங்களேன்!