எண்ணக்கூடிய காந்தக் கோடுகள்

காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவியதும் வகுப்பில் எழும் கேள்வி, "மொத்தம் எத்தனை கோடு சார்?" என்பதே. மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் மணலில் காந்தத்தைப் புரட்டித் தூள் சேர்த்துப் பழகிய பிள்ளைகள் இக்கேள்வியை எளிதில் விடமாட்டார்கள். கோடுகள் நாம் வரைந்துகொள்பவை. இரு கோடுகளுக்கு இடையிலும் புலம் உண்டு. இதை அழுத்திச் சொல்லாவிட்டால், காந்தத்திலிருந்து நூல் நூலாக ஏதோ வெளிவருகிறது என்றே மேல்வகுப்பு வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஓரிடத்தில் மட்டும் அக்கேள்விக்கு எண்ணாலேயே விடை உண்டு. இரண்டாம் வகை மீக்கடத்திகளுள் காந்தப்புலம் பரவலாக நுழைவதில்லை. மெல்லிய சுழல்களாகவே நுழைகிறது. ஒவ்வொரு சுழலிலும் காந்தப்பாயம் 2.07 × 10⁻¹⁵ வெபர். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இதை அப்ரிகோசோவ் 1957இல் கணித்தார். நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்லலாம்: புலத்திற்குச் செங்குத்தான பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 19,000 சுழல்கள்!

1967இல் எஸ்மான், ட்ராய்பிள் இருவரும் அவற்றைப் படமாக்கிய முறை நம் வகுப்பறைச் சோதனையேதான். குளிர்ந்த ஹீலியம் வாயுவில் இரும்பை ஆவியாக்கினால் நுண்துகள்கள் சுழல் முனைகளில் படியும். பிறகு பொருள் சூடாகிச் சுழல்கள் மறைந்தாலும் துகள்கள் ஒட்டியபடியே இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆற அமரப் பார்க்கலாம்.

கரிமச் சேர்மங்கள் மின்கடத்தாப் பொருள்கள் என்றே பொதுவாகக் கற்பிக்கிறோம். 1980இல் ஜெரோம், பெக்கார்ட் குழுவினர் ஒரு கரிம உப்பு சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில், 0.9 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் காட்டினர். பின்னர் வந்த சில கரிம உப்புகள் சாதாரண அழுத்தத்திலேயே 10 கெல்வினுக்கு மேல் அவ்வாறாகின்றன. இவற்றின் சுழல்களைப் படமெடுப்பது கடினம். ஈயத்தில் காந்தப்புலம் ஊடுருவும் ஆழம் சுமார் 40 நானோமீட்டர். இவற்றிலோ பல நூறு நானோமீட்டர். ஆகவே ஒவ்வொரு சுழலின் புலமும் அகன்று பரவி, துகள்குவியல் மங்கலாகிறது. படிகம் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் சுழல்களும் எளிதில் நெளிகின்றன. அப்படியும் இரும்புத்துகள் முறையில் இவை படமாகியுள்ளன.

நமக்கு அருகிலேயே, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இதே காந்தப்பாய அலகை அடிப்படையாகக் கொண்ட 'ஸ்க்விட்' உணரிகளை உருவாக்குகிறார்கள். இதயமும் மூளையும் எழுப்பும் நுண்ணிய காந்தப்புலத்தையும் அவை அளக்கும்.

சுழல்கள் ஒன்றையொன்று விலக்கி முக்கோண ஒழுங்கில் நிற்பதை வகுப்பிலேயே காட்டலாம். காந்தமாக்கிய ஏழு ஊசிகளைத் தெர்மாகோல் துண்டுகளில் செருகி, வடமுனைகள் மேலிருக்கத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். நடுவில், சற்று உயரத்தில், ஒரு சட்டக்காந்தத்தின் தென்முனையைப் பிடியுங்கள். ஓர் ஊசி நடுவிலும் ஆறு சுற்றிலும் நிற்கும். ஆறு ஊசிகள் என்றால் என்னவாகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஓர் ஊசியை எடுங்கள். இதற்குப் பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது. சில எவர்சில்வர் பாத்திரங்கள் ஊசிகளை இழுத்துக்கொள்ளும்.