பாரத்தில் பிரச்சினை இல்லை, வீட்டில் தூக்கம் இல்லை

கேள்வி: என் மாமியாருக்கு 69 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மாமனார் தவறி எட்டு மாதம் ஆகிறது. இப்போது எங்களோடு இருக்கிறார். இனிப்புநீருக்காக அரசாங்கக் கிளினிக்குப் போனபோது மிஸி ஒரு பாரத்தை எடுத்து, ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று தொடங்கி மலாயில் ஒன்பது கேள்வி கேட்டார். படிவம் 2 படிக்கும் என் மகள் தமிழில் சொன்னாள். தூக்கத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் அத்தை ‘இல்லை’ என்றார். மார்க் குறைவு, மனச்சோர்வு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். ‘நெஞ்சு பாரமா இருக்கு, உடம்பெல்லாம் எரியுது’ என்கிறார். இதயப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அந்தப் பாரம் நம் ஆட்களுக்குப் பொருந்துமா?
— ஒரு மருமகள், சிம்பாங் பூலாய்

பதில்: பாரத்தின் மேல் பழி போடும் முன், அதை யார் வாயால் கேட்டார்கள் என்று பாருங்கள், சகோதரி. நீங்கள் சொல்வது ‘பிஎச்க்யூ-9’ என்று தெரிகிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள நினைத்தாரா என்று கேட்கும். 14 வயதுப் பிள்ளை அதைப் பாட்டியிடம் எப்படிக் கேட்கும்? ‘பாட்டி, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?’ என்றுதான் பெரும்பாலும் வரும். அப்படியே கேட்டிருந்தாலும், பேத்தியின் முகத்தைப் பார்த்து ‘ஆமாம்’ சொல்லும் பாட்டியை நான் பார்த்ததில்லை.

பேராக்காரர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே நம்மில் பாதிப் பேரைச் சின்ன வயதில் மிரட்டியிருக்கிறார்கள். மனசைப் பற்றி வாயைத் திறந்தால் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் இன்னமும் நினைக்கிறார்கள். பாரத்தில் வரும் மார்க்கை வைத்து யாரையும் அங்கே சேர்ப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவையும் 2023-இல் நீக்கிவிட்டார்கள். இந்த இரண்டையும் அத்தையிடம் முதலில் சொல்லுங்கள்.

சரி, பாரத்துக்கு வருவோம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். ‘ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய தினமும்’ என்று நாலு பதில் இருக்கும். இதில் ‘பாதி நாளுக்கு மேல்’ என்பது படித்தவரையே தடுமாற வைக்கும். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: ‘போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி கோயிலுக்குப் போனீங்களே, அன்னையிலேருந்து எத்தனை ராத்திரி இப்படி?’ விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். ‘எதிலாவது ஆர்வம் குறைந்ததா’ என்பதும் அப்படித்தான். விடிய நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவரிடம் ஆர்வத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். சீரியல் பார்க்கிறாரா, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா, யாராவது வந்தால் முன்கூடத்துக்கு வந்து உட்காருகிறாரா என்று கேட்டால் விஷயம் வெளிவரும்.

முதியோருக்கென்றே ஒரு பாரம் 1980-களில் வந்தது. ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். அதன் 15 கேள்விச் சுருக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டு 14 கேள்வியாக மலாயிலும் வைத்திருக்கிறார்கள். அதில் உடம்பு நோவைப் பற்றிக் கேள்வியே கிடையாது. வயதானால் முட்டியும் முதுகும் வலிக்கத்தான் செய்யும், அதைக் கணக்கில் சேர்த்தால் எல்லோருக்கும் மனச்சோர்வு என்று வந்துவிடும் என்பது அதை உருவாக்கியவர்களின் நியாயம். நியாயம்தான். ஆனால் நம் பெண்களில் பலருக்குத் துக்கம் நெஞ்சு பாரமாகவும் உடம்பு எரிச்சலாகவும்தானே வருகிறது? ஜிம்பாப்வேயில் 1990-களில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் இங்கிலீஷ் பாரத்தை எடுக்காமல், அந்த ஊர் நோயாளிகள் எப்படிச் சொல்கிறார்களோ அதிலிருந்தே ஷோனா மொழியில் ஒரு கேள்விப் பட்டியலைக் கட்டினார்கள். ‘ஓயாத யோசனை’ அதில் முக்கியமான ஒன்று. நம் வீடுகளிலும் கேட்கிற பேச்சு.

மொழி மாறினால் மார்க்கின் எல்லையும் மாறலாம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கான எடின்பரோ பாரத்தில் மூல எல்லை 12-13. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தமிழ்ப் பாரத்தைச் சோதித்து 2005-இல் வெளியிட்டபோது 8-9 தான் சரியாக வந்தது. பழைய எல்லையையே வைத்திருந்தால் எத்தனை தாய்மார் விடுபட்டிருப்பார்கள், யோசியுங்கள். தமிழில் எழுதி அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: டாக்டர் நேரில் பேசிக் கண்டறிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்காத பாரம் வெறும் காகிதம்.

அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய், ‘போன தடவை பிள்ளை மொழிபெயர்த்தாள், மறுபடி கேளுங்கள்’ என்று சொல்லுங்கள். தமிழ் பேசும் மிஸியோ டாக்டரோ இருந்தால் அவரோடு அத்தையைத் தனியாக விடுங்கள்; அவர் மகனும் நீங்களும் வெளியே இருங்கள். ராத்திரி எழுவது, மாமனார் தவறியது, சாப்பாடு குறைந்திருந்தால் அது என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் கூட இப்படிச் சோர்வு தரும், ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உடம்பு எரிச்சல் இனிப்புநீரால் நரம்பு கெட்டும் வரலாம். மனசு விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555 இருக்கிறது. ‘நான் போய்ச் சேர்ந்தா தேவல’ என்று அவர் வாயிலிருந்து வந்தால் மட்டும் பாரம், மார்க் எதையும் பார்க்காமல் அன்றைக்கே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.